வெள்ளிக்கிழமை வளைகாப்பு

வாங் மேடம், உள்ள வந்து உக்காருங். அந்தச் சேர் வேண்டாமுங், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங். ஃபேன் போடறேன். நீங்க வருவீங்கன்னு ஷகிலா நர்ஸு முந்தாநாளே சொல்லிட்டுப் போச்சு. மாசமா இருக்கறவ ஒருத்தி செத்துப்போனா ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து ஊட்டுல விசாரிச்சு எழுதீட்டுப் போவாங்களாமா. "ஆரையும் குத்தஞ் சொல்றதுக்கில்லை துளசிமணியக்கா, இனிமே இன்னொருத்திக்கு இப்படி ஆகக்கூடாதுன்னுதான்"னு சொல்லுச்சு. எழுதிக்குங் மேடம். எங்கிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை.

பேரா? துளசிமணி. வயசு நாப்பத்தேழு. செத்தது என்ற தம்பி பொண்டாட்டி, மோகனப்பிரியா. இருவத்தாறு வயசு. மோகனான்னுதான் கூப்புடுவோம். அவ என்னை நங்கைன்னு கூப்புடுவா. புருசனோட அக்காவை எங்க பக்கம் அப்படித்தானுங் சொல்றது. "நங்கை, சோறு உண்டீங்ளா? நங்கை, இந்தச் சீலை உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்." வாய்க்கு வாய் நங்கைதான். எங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னு இந்த ஊருக்குள்ள எவளாச்சும் சொன்னா நம்பாதீங். ரெண்டு வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, பால் தீஞ்சதுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதுக்கும் பொழுதோட நானே தலைய வாரிவிட்டுச் சமாதானம் பண்ணீட்டேன்.

தம்பி இப்ப இங்க இல்லீங். பூபதி பொள்ளாச்சிப் பக்கம் மாமியார் ஊட்டுல இருக்கறான். கொழந்தை இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்குது, பொட்டப்புள்ளை, அங்கிருந்து போயி வர்றதுக்குப் பக்கம்னு சொல்லிக்கறாங்க. பக்கமெல்லாம் ஒண்ணுமில்லீங். இங்கிருந்தும் அதே தூரந்தான். அவனுக்கு என்ற மூஞ்சிய பாக்கப் புடிக்கல, அவ்வளவுதான். கருமாதி அன்னைக்கு வந்தான். நான் சோத்தப் போட்டு வெச்சேன். தட்டத் தாண்டிப் போனான் மேடம். திட்டியிருந்தாப் பரவால்லை. ரெண்டு அறை அறைஞ்சிருந்தாக்கூட வாங்கீட்டு நிப்பேன். 

நான் வளத்த பையனுங். எங்கம்மா போனப்ப எனக்குப் பதினேழு, அவனுக்கு நாலு வயசு. அன்னிலிருந்து நாந்தான் அவனுக்கு எல்லாம். இடையில என்னைக் கட்டிக் குடுத்தாங்க. ஏழு வருசம் வாழ்ந்தேன். வயித்துல ஒண்ணும் தங்கலை. அவரு வேற கட்டிக்கிட்டாரு. நான் ஒரு டிரங்குப் பெட்டியத் தூக்கீட்டு இந்த ஊட்டுக்கே திரும்பி வந்துட்டேன். வந்து நின்னப்ப இவன் ஸ்கூல் யூனிபார்மோட ஓடியாந்து, "இனி போகமாட்டியல்லக்கா?"ன்னு கேட்டான். அந்தப் பையன்தான் இப்பத் தட்டத் தாண்டிப் போறான்.

சரி, சரி, நீங்க கேக்கறதுக்கு வாரேன். மாசாமாசம் செக்கப்புக்குப் போனாளான்னு கேக்கறீங். போகாமயாங்? செவ்வாக்கெழமை ஆச்சுன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டீட்டுப் போயி வரிசையில நிப்பேன். அவ உக்காந்திருப்பா, அவளுக்குப் பதிலா நான் நிப்பேன். பாக்கறவங்கெல்லாம் "உங்க மகளுங்களா?"ன்னு கேப்பாங்க. நான் இல்லைன்னு சொல்லமாட்டேன்.

ஆமாங், பிரசர் கொஞ்சம் ஏறியிருக்குதுன்னு கடைசித் தடவை சொன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. "இனி வாரா வாரம் தவறாம வரோணும். தலைவலி, கண்ணு மங்கறது, நெஞ்சுக்குழியில வலி, இதுல எது வந்தாலும் செவ்வாக்கெழமைக்குன்னு காத்திருக்காம ஓடியாந்தரோணும்"னு ஷகிலா நர்ஸு சொல்லுச்சு. அட்டையிலயும் அதே எழுதியிருக்குதாம். நர்ஸு சொல்றதுதானுங் மேடம், எல்லாத்துக்கும் சொல்லும். பப்பாளி திங்காதேங்கும், ரெண்டு உசுருக்குத் தூங்குங்கும். அதுல எது நெசமான பயம், எது சும்மா சொல்றதுன்னு நமக்கெப்படித் தெரியும்?

அந்தச் செவ்வாக்கெழமையா? அன்னைக்குப் போகலைங்.

அன்னைக்கு வளையலு வாங்கப் போயிட்டோம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு வெச்சிருந்தோம் பாருங். ஒம்பதாம் மாசம் பொறந்திருச்சு, அந்த ஒரு வெள்ளிதான் நாள் நல்லா இருந்துச்சு. இந்த வளைகாப்பைப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும். அதைச் சொல்லலைன்னா நீங்க எழுதறது அரைகொறையாப் போயிரும்.

எங்க பெரியப்பா மகளுக்கு வளைகாப்பு வெச்சாங்க. நான் போனேன். எல்லாரும் வரிசையா நின்னு வளையலு போடறாங்க. நானும் சந்தனத்தைத் தொட்டுட்டு ரெண்டு எட்டு வெச்சிருப்பேன். எங்க சித்தி என்ற கையப் புடிச்சு, "துளசி, நீ போயி அந்தப் புளிச்சோத்தைக் கெளறு, அடிப்புடிக்குது"ன்னா. அடிப்புடிக்கல மேடம். நான் போயி பாத்தேன். அடுப்பே அணைஞ்சு கெடந்துச்சு. வாழாவெட்டி, புள்ளை இல்லாதவ, கர்ப்பக்காரி கைய தொடக்கூடாது. அதை நேரா சொல்ல மாட்டாங்க, புளிச்சோத்தைக் கெளறச் சொல்லுவாங்க. இப்படி எத்தனை ஊட்டுல எத்தனை அண்டாவைக் கெளறியிருக்கேன்னு எனக்கே தெரியாது. பூபதி கல்யாணத்துல, மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ பக்கத்துல உக்காந்து செய்யற சீரு ஒண்ணு இருக்குதுங், எணைச்சீருன்னு. கூடப்பொறந்தவ நான் ஒருத்திதான். ஆனா உக்காந்தது எங்க சித்தி மக.

மோகனா மாசமானப்ப பூபதி சொன்னான், "அக்கா, வளைகாப்பு நம்மூட்டுலதான். மொத வளையலு நீதான் போடோணும். எவ என்ன சொன்னாலும் சரி." இவன் சொன்னதுகூடப் பெருசில்லை. மோகனா சொன்னா, "நங்கை போட்டாத்தான் நான் கைய நீட்டுவேன்"னு. அந்தப் புள்ளை அப்படிச் சொல்லுச்சுங்.

அதனால செவ்வாக்கெழமை வளையலு கடைக்குப் போனோம். அவ கை எப்பவும் ஒல்லியா இருக்கும். அன்னைக்கு அவளோட சைஸ் ஏறலை. அதுக்கு மேல, அதுக்கும் மேலன்னு கடைக்காரரு எடுத்து எடுத்துப் போடறாரு, வெரல் முட்டியத் தாண்டலை. அவரு சொன்னாரு, "அம்மிணி கை வீங்கியிருக்குதாட்ட இருக்குதுங்களே." எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. "வீக்கமில்லைங், பூரிப்பு. மாசமா இருக்கற புள்ளை பூரிக்கத்தான் செய்யும், நீங்க பெரிய வளையலா எடுங்"ன்னேன். மூஞ்சியும் அப்படித்தான், உப்பி, பளபளன்னு. பாத்தவங்கெல்லாம் களை வந்திருச்சுன்னாங்க. அழகா இருந்தாளுங் மேடம். சத்தியமா அழகா இருந்தா.

புதங்கெழமை காத்தால வயித்து வலின்னா. எங்கேன்னேன். நெஞ்சுக்குழிக்குக் கீழ, வலப்பக்கம் வெலாவுக்கடியில கையை வெச்சுக் காட்டுனா. அது கொழந்தை இருக்கற எடமே இல்லீங்களே. அடிவயிறு வலிச்சா நான் பயந்திருப்பேன். இது மேல. மொத நாளு கடையில பஜ்ஜி தின்னா, வாயுன்னு நெனைச்சேன். ஓமத்தைக் கொதிக்க வெச்சுக் குடுத்தேன். குடிச்சது அப்படியே வாந்தியா வந்துச்சு. பூண்டு சுட்டுக் குடுத்தேன், அதுவும் வந்திருச்சு. படுத்தா வலிக்குதுன்னு சொல்லி செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டா. அன்னைக்கெல்லாம் உக்காந்தே இருந்தா.

ஷகிலா நர்ஸு போன் பண்ணுச்சுங். மோகனா போனுக்குத்தான் வந்துச்சு, நாந்தான் எடுத்தேன். "ஏனுங்கக்கா செவ்வாக்கெழமை வரலை? மோகனாவைப் பேசச் சொல்லுங்"ன்னுச்சு. "நல்லாத்தான் இருக்கறா கண்ணு, இப்பத்தான் கண்ணசந்தா, வெள்ளிக்கிழமை விசேசம் முடியட்டும், நானே கூட்டியாறேன், நீயும் வந்து வளையலு போட்டுட்டுப் போ"ன்னேன். பொய் இல்லீங் அது. கண்ணை மூடித்தான் உக்காந்திருந்தா. தூங்கறாளான்னு கிட்டப் போயி பாக்கலை, அவ்வளவுதான்.

வியாழக்கெழமை வலி கொஞ்சம் விட்டாப்பல இருந்துச்சு. பாத்தீங்ளா, ஓமம் கேட்டிருச்சுன்னு நானே சொல்லிக்கிட்டேன். மத்தியானத்துக்கு மேல தலைவலின்னு சொன்னா. ஒறம்பரை சனமெல்லாம் வர ஆரம்பிச்சிருச்சு, ஊடு பூராச் சத்தம், ஆருக்குத்தான் தலை வலிக்காது? மெடிக்கல்ல சொல்லி வாயு மாத்திரையும் தலைவலி மாத்திரையும் வாங்கியாரச் சொன்னேன். பூபதி தேங்காக் களத்துல மேஸ்திரி வேலை பாக்கறானுங், தேங்கா காய வெக்கிற களம். அங்கிருந்து வந்தவன் அவளப் பாத்துட்டு நேரா என்னட்ட வந்தான். "அக்கா, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு காட்டிட்டு வந்தர்றேன், அவ மூஞ்சியே சரியில்லை"ன்னான்.

நான் சொன்னேன், "நாளைக்கு விசேசத்தை வெச்சுக்கிட்டு இன்னைக்குக் கூட்டீட்டுப் போனா அவங்க சும்மா விடுவாங்களா? படுக்கையில சேத்துப் போட்டு ட்ரிப்ஸ் ஏத்துவாங்க. மொதக் கெர்ப்பம்னா எல்லாத்துக்கும் இப்படித்தான்டா இருக்கும்"னேன்.

ஏனுங் மேடம், சிரிக்கறீங்ளா? இல்லையா? இல்லை, உங்களுக்குத் தோணியிருக்கும், புள்ளையே பெக்காதவளுக்கு மொதக் கெர்ப்பம் எப்படி இருக்கும்னு என்ன தெரியும்னு. அவனுக்குத் தோணலைங். நான் சொன்னா அவனுக்கு அது வேதம். தலைய ஆட்டீட்டுப் பந்தல்காரங்கிட்டப் போயிட்டான். அன்னைக்கு மட்டும் என்ற பேச்சைக் கேக்காம இருந்திருக்கலாம் அவன். முப்பது வருசமாக் கேட்டவன், அன்னைக்கும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு நல்ல நேரம். பச்சைப் பட்டு கட்டி, தலை நெறையப் பூ வெச்சு, மனையில கொண்டாந்து உக்கார வெச்சோம். எங்க சித்தியெல்லாம் முன்வரிசை. நான் எந்திரிச்சேன்.  ஒருத்தரும் புளிச்சோத்தைக் கெளறச் சொல்லலை. சந்தனம் பூசினேன், குங்குமம் வெச்சேன், வளையலை எடுத்தேன். அவ கைய நீட்டுனா. ஏறலைங். மூணு நாளுல அந்தப் பெரிய வளையலும் ஏறாத அளவுக்கு ஆயிருச்சு. தேங்காண்ணெய தடவி, முட்டிய அமுக்கி அமுக்கி ஏத்தினேன். வலிச்சிருக்கும். சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. போட்டோ இருக்குதுங், பாக்கறீங்ளா? வேண்டாமா. சரி.

எல்லாரும் போட்டு முடிக்க மணி பன்னெண்டு ஆயிருச்சு. எலுமிச்சஞ் சோறு, தேங்காச் சோறுன்னு ஏழு வகை வெச்சோம், ஒரு வாய் வெச்சதுமே வாந்தி. அவங்கம்மா காரு பிடிச்சு வந்திருந்தாங்க. வந்ததுல இருந்து மகளையே பாத்துக்கிட்டு இருந்தவங்க, என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஏனுங், புள்ளை மூஞ்சி என்ன இப்படி ஊதிக் கெடக்குது, கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்குதுங்களே, நீங்க பாக்கலீங்ளா?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஆத்தரம். இத்தனை சபை நடுவுல நான் சரியாப் பாத்துக்கலைன்னு சொல்றாங்களேன்னு. "மஞ்ச சீலைக்காரிக பக்கத்துல உக்காந்தா அப்படித்தானுங் தெரியும்"னேன். என்ன பேச்சு பாருங் அது. நெனைச்சா இப்ப எனக்கே...

தண்ணி குடிக்கறீங்ளா? நான் கொஞ்சம் குடிச்சுக்கறேன்.

வளைகாப்பு முடிஞ்சா பொண்ணு அம்மா ஊட்டுக்குப் போறதுதானுங் மொறை. ஒண்ணே முக்காலுக்குக் காரு கெளம்புச்சு. அவங்கம்மா, பூபதி, மோகனா. நான் போகலை. ரெண்டாம் பந்தி நடந்துக்கிட்டு இருந்துச்சு, ஊட்டுக்காரி நான், விட்டுட்டு எப்படிப் போறது? கார்ல ஏறறப்ப வழுக்கற மாதிரி ஆயி என்ற தோளைப் புடிச்சுக்கிட்டா. "வாரேனுங் நங்கை"ன்னா. அவ்வளவுதான் எங்கிட்டப் பேசுனது.

மிச்சமெல்லாம் அவங்கம்மா சொல்லித்தான் தெரியும். வழியில ஒண்ணுக்குப் போகோணும்னு ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தியிருக்காங்க. கூட அவங்கம்மா போயிருக்காங்க. கறுப்பு டீத் தண்ணியாட்டப் போயிருக்குது. அதைப் பாத்ததும் அவங்க ஊருக்குப் போகாம, பக்கத்துல இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குக் கார விடச் சொல்லிட்டாங்க. அந்த ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கறப்பவே வலிப்பு வந்திருச்சு. பூபதி மடியில. நாக்கைக் கடிச்சுக்கிட்டா. அவங்க பிரசர் பாத்தாங்க, நூத்தி தொண்ணூறோ என்னமோ, ஒரு ஊசியப் போட்டு நூத்தியெட்டு வண்டியில ஏத்தி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பீட்டாங்க.

எனக்குப் போன் வந்தப்ப நான் எலை எடுத்துக்கிட்டு இருந்தேன். பஸ்ஸைப் புடிச்சுப் போயிச் சேர்றப்ப அஞ்சு மணிக்கு மேல. ஆபரேசன் பண்ணிக் கொழந்தைய எடுத்துட்டாங்க. ஒண்ணரைக் கிலோ. அழுதுச்சாம். ஒரு நர்ஸு வந்து "மோகனப்பிரியா அட்டெண்டர் ஆரு?"ன்னுச்சு. நான் போனேன். பேப்பர்ல சுத்தி ஒரு பொட்டணத்தைக் கையில குடுத்துச்சு. பிரிச்சுப் பாக்கறேன், வளையலுங். ஊசி போடறதுக்கு நரம்பு கெடைக்கலையாமா, கை வீக்கத்துல கழட்ட முடியலையாமா, ஒடைச்சு எடுத்திருக்காங்க. பச்சையும் செவப்பும் துண்டு துண்டா. நான் காத்தால போட்டது அதுல எதுன்னு தேடுனேன். எப்படிக் கண்டுபுடிக்கறது?

பெரிய டாக்டரு எங்க மூணு பேரையும் கூப்பிட்டுச் சொன்னாரு. நல்ல மனுசனுங், பொறுமையாச் சொன்னாரு. ரத்தத்துல செவப்பணு ஒடையுது, ஈரல் கெட்டுப் போகுது, ரத்தத்தை ஒறைய வெக்கற தட்டணு கொறைஞ்சு போகுது, மூணும் சேந்து வந்தா ஹெல்ப்புன்னு பேருன்னாரு. ஒண்ணரை லட்சம் இருக்கோணுமாம் அந்தத் தட்டணு, இவளுக்குப் பதினெட்டாயிரந்தான் இருக்குதாம். ஏனுங் மேடம், ஹெல்ப்புன்னா ஒதவின்னுதானுங் அர்த்தம்? எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், எனக்கே அவ்வளவு தெரியும். ஒரு சீக்குக்கு ஆராச்சும் அப்படிப் பேரு வெப்பாங்களா? இங்கிலீசு எழுத்துகளைச் சேத்தா அப்படி வருதாம். நான் அந்த ரூமை விட்டு வெளிய வந்து, ஹெல்ப்பு, ஹெல்ப்புன்னு சொல்லிக்கிட்டே நின்னேன்.

அவங்கம்மா டாக்டர்கிட்டக் கேட்டாங்க, "எதனாலங்க வந்துச்சு?" "எதனால வருதுன்னு இதுவரைக்கும் ஆருக்கும் சரியாத் தெரியாதுங்கம்மா. ஆயிரத்துல சில பேருக்கு வரும்"னாரு. அதைக் கேட்டீங்ளா? ஆருக்கும் தெரியாதாம். இதைத்தான் நீங்க பூபதிகிட்டச் சொல்லோணும். நீங்க ஆபீசரு, நீங்க சொன்னாக் கேப்பான். ஓமத்தாலயும் வரலை, வளைகாப்பாலயும் வரலை. அக்காவால வரலை. அந்தச் சீக்கு வரோணும்னு இருந்துச்சு, வந்துச்சு. அதை ஒரு காயிதத்துல எழுதி, சீலு போட்டுக் குடுக்க முடியுமுங்ளா?

ஆமாங், டாக்டரு அதுக்கப்பறம் ஒண்ணு சொன்னாரு. வந்ததை மாத்த முடியாது, ஆனா கொழந்தைய வெளிய எடுக்கறதுதான் இதுக்கு வைத்தியம், எத்தனை சீக்கிரம் எடுக்கறமோ அத்தனைக்குத் தாய்க்கு நல்லதுன்னாரு. "வலி எப்ப ஆரம்பிச்சுது?"ன்னு கேட்டாரு. அவங்கம்மா என்னைப் பாத்தாங்க. பூபதி என்னைப் பாத்தான். நான் "ரெண்டு மூணு நாளா லேசா இருந்துச்சுங்"ன்னேன். டாக்டரு அதை எழுதிக்கிட்டாரு, நீங்க எழுதறாப்பலவே.

வெள்ளி, சனி ரெண்டு நாளு. ரத்தம் நிக்கவே இல்லை. ஊசி போட்ட எடத்துல, தையல் போட்ட எடத்துல, பல்லுல, மூக்குல. களத்துல வேலை பாக்கற பசங்க பதினோரு பேரு வந்து ரத்தம் குடுத்தாங்க. நானும் கைய நீட்டினேன். உங்களுக்கே ரத்தம் கம்மியா இருக்குதுன்னு திருப்பி அனுப்பீட்டாங்க. ஐசியு வாசல்ல ஒரு பச்சைக் கதவு, அதுல சின்னதா ஒரு கண்ணாடி. எம்பி எம்பிப் பாப்பேன். மூஞ்சி தெரியாது, கால்தான் தெரியும். மருதாணி வெச்ச காலு. நாந்தான் வெச்சுவிட்டேன், வியாழக்கெழமை பொழுதோட.

ஞாயித்துக்கெழமை காத்தால ஈரலுக்கு மேல ரத்தங் கட்டியிருந்தது வெடிச்சிருச்சுன்னு ஓடுனாங்க. பதினொண்ணே காலுக்கு டாக்டரு வந்து பூபதி தோள்ல கைய வெச்சாரு. அவங்கம்மா அழுகலை. நேரா என்னட்ட வந்து, "உங்களுக்குக் கண்ணு இல்லீங்ளா?"ன்னு கேட்டாங்க. சத்தம் போடலை, மெதுவாத்தான். நான் பதில் சொன்னேன், "எனக்கென்னங் தெரியும், நான் புள்ளையாப் பெத்திருக்கேன்?"னு. வாழ்க்கையில மொதத் தடவையா அதை நானே என்ற வாயால சொன்னேன் மேடம். அதுவரைக்கும் மத்தவங்கதான் சொல்லுவாங்க.

அவ்வளவுதானுங். முடிஞ்சுது. கையெழுத்துப் போடோணுமா? படிச்சுக் காட்டீட்டுத்தான் வாங்கோணுமா? சரி, படிங்.

"செவ்வாய், பரிசோதனைக்குச் செல்லவில்லை." ஆமாங். "புதன், மேல்வயிற்று வலி, வாந்தி, வீட்டு வைத்தியம் செய்யப்பட்டது. கிராமச் சுகாதாரச் செவிலியர் தொலைபேசியில் அழைத்தபோது நலமாக இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது." ஆமாங், நாந்தான் தெரிவிச்சேன். "வியாழன், தலைவலி. கணவர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல விரும்பினார். குடும்பத்தினர் மறுத்தனர்."

குடும்பத்தினருன்னா ஆருங் மேடம்? இந்த ஊட்டுல நாந்தானுங் இருக்கறேன். நாந்தானுங் குடும்பத்தினரு.

இல்லை, மாத்த வேண்டாமுங். படிங். "வெள்ளி, வளைகாப்பு." அப்பறம் காரு, வலிப்பு, ஆபரேசன். சரியாத்தான் எழுதியிருக்கீங். நான் இத்தனை நேரம் சொன்னதெல்லாம் இந்த ஒரு பக்கத்துல அடங்கிப் போச்சா? நான் சொல்றப்ப வேற மாதிரி இருந்துச்சுங். பெரியப்பா மகளும் புளிச்சோறும் எல்லாம் கூட இருந்துச்சு. நீங்க படிக்கறப்ப அதொண்ணும் இல்லை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அவ்வளவுதான் இருக்குது. இப்படிப் படிச்சா ஒரு கொழந்தைக்குக்கூடத் தெரியும், எங்க நின்னிருக்கோணும்னு.

பேனாவைக் குடுங். எங்க போடோணும், இங்கயா?

இருங் மேடம்.

வெள்ளிக்கிழமை காத்தால ஒண்ணு விட்டுப் போச்சுங். நீங்க விடலை, நான் சொல்லலை. பூபதிக்கும் தெரியாது. அவங்கம்மாளுக்கும் தெரியாது. அவளுக்கும் எனக்குந்தான் தெரியும், இப்ப எனக்கு மட்டுந்தான் தெரியும்.

உள்ரூமுல கதவைச் சாத்தி அவளுக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தேன். பூ வெக்கறேன், அவ என்ற கையப் புடிச்சுக்கிட்டா. "நங்கை, கண்ணு முன்னால மினுக்கு மினுக்குன்னு என்னமோ பறக்குதுங். உங்க மூஞ்சியே பாதிதான் தெரியுதுங். இது வாயு இல்லீங் நங்கை. எனக்குப் பயமா இருக்குது. நர்ஸக்கா சொன்னாங்கல்ல, அப்படியே இருக்குதுங். வளையலு அப்பறம் போட்டுக்கலாமுங், ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்"ன்னு சொன்னா. அழுதுக்கிட்டே சொன்னா.

நான் என்ன சொன்னேன்னு எழுதிக்குங். "எனக்காக இன்னைக்கு ஒரு பொழுது பொறுத்துக்க கண்ணு. பூபதிகிட்டச் சொல்லாதே, அவன் எல்லாத்தையும் நிறுத்திப் போடுவான்"னேன்.

அவ என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. பாதி மூஞ்சியத்தான் பாத்திருப்பா. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "சரீங் நங்கை"ன்னு சொல்லி எந்திரிச்சா. எனக்காகத்தான் மனையில உக்காந்தா. எனக்காகத்தான் சிரிச்சா.

ஏனுங் மேடம், பேனாவைக் கீழ வெச்சுட்டீங்? எடுங். காயிதத்துல எடம் இருக்குது பாருங், வெள்ளிக்கு மேல. மணி கேப்பீங்கல்ல? ஏழே காலுங். காரு கெளம்புனது ஒண்ணே முக்கால். எழுதுங். எழுதி, அவனுக்கும் ஒரு காப்பி குடுத்துருங்.